கிளட்ச் ஏன் வழுக்குகிறது?



போன இதழில் "மின்விசிறி சுற்றுவது எப்படி?" என்ற பாடம் படித்தோம். இந்த இதழில் நான் கிளட்ச் பற்றி எழுதுகிறேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கிளட்ச்?" என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் அப்பா கார் மெக்கானிக். எங்கள் வீட்டுத் திண்ணையும் பட்டறையும் ஒரே கூரைதான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

எஞ்சின் ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரமோ சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் ஓட வேண்டும். சுற்றுகிற எஞ்சினையும் நிற்கிற சக்கரத்தையும் பட்டென்று சேர்த்தால் வண்டி குதித்து எஞ்சின் ஆஃப் ஆகிவிடும். கியர் மாற்றும்போதும் இரண்டையும் கொஞ்ச நேரம் பிரிக்க வேண்டும். இப்படிச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் கிளட்ச்சின் வேலை.

இதில் முக்கியமாக நான்கு பாகம் இருக்கிறது.

1. ஃப்ளைவீல்: எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்.

2. கிளட்ச் பிளேட்: இரண்டு பக்கமும் சொரசொரப்பான லைனிங் ஒட்டிய வட்டத் தட்டு. இது கியர் பாக்ஸ் தண்டில் மாட்டியிருக்கும்.

3. பிரஷர் பிளேட்: பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். இதன் நடுவில் ஸ்பிரிங் விரல்கள் இருக்கும்.

4. ரிலீஸ் பேரிங்: நாம் பெடலை மிதித்தால் கேபிள் ஃபோர்க்கை இழுக்கும். ஃபோர்க் இந்த பேரிங்கைத் தள்ளும். பேரிங் ஸ்பிரிங் விரல்களை அமுக்கும். பிரஷர் பிளேட் பிடியை விட்டுவிடும்.

காலை எடுத்தால் பிடிக்கும், மிதித்தால் விடும். இதை மறக்காதீங்க. நிறைய பேர் தலைகீழா நினைச்சுக்கறாங்க.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

இரண்டு எவர்சில்வர் தட்டு எடுங்கள். ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு சாக்குத் துண்டைப் போடுங்கள். அதற்குமேல் இன்னொரு தட்டை வையுங்கள். மேல் தட்டைச் சும்மா திருப்பினால் அது மட்டும் திரும்பும். இப்போது உள்ளங்கையால் நன்றாக அமுக்கித் திருப்புங்கள். அடித் தட்டும் சேர்ந்து திரும்பும். அவ்வளவுதான் கிளட்ச்! பிறகு சாக்கில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மறுபடியும் திருப்புங்கள். அதே மாதிரி அமுக்கினாலும் வழுக்கும். (தட்டைக் கழுவி வைக்கவும். நான் திட்டு வாங்கினேன்.)

எட்டாம் வகுப்பில் உராய்வு படித்தோம் அல்லவா? உராய்வு குறைந்தாலும் அமுக்கும் விசை குறைந்தாலும் பிடி போய்விடும் என்பதை இந்தத் தட்டே காட்டிவிடுகிறது.

பட்டறைக்கு வந்த சிவப்புக் கார்

ஒருநாள் ஒரு அண்ணா பழைய சிவப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். சாதாரண 1.3 லிட்டர் காரை ரேஸ் கார் மாதிரி மாற்றியிருந்தார். தாழ்வாக இறக்கி, அகலமான டயர் போட்டு, எஞ்சினுக்கு டர்போவும் வைத்திருந்தார். டர்போ என்பது எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் விசிறி. அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோல் எரியும், விசையும் கூடும்.

"அண்ணா, ஆக்சிலேட்டர் மிதிச்சா சத்தம்தான் வருது, வண்டி போகமாட்டேங்குது" என்றார். அப்பா ஓட்டிப் பார்த்து, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று சொன்னார். "பிளேட்டு மட்டும் மாத்துனா பத்தாதுங்க தம்பி, முழு செட்டும் பார்க்கணும்" என்றும் சொன்னார். அந்த அண்ணா, "காசு இல்லீங்க, பிளேட் மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் கார் திரும்பி வந்தது. ஊட்டி மலை ஏறும்போது பாதியில் வழுக்கி, கருகிய வாசனை வந்து நின்றுவிட்டதாம். அந்த அண்ணா கோபமாக, "டூப்ளிகேட் பிளேட் போட்டு ஏமாத்திட்டீங்க" என்று நாலு பேர் முன்னாடி சொல்லிவிட்டார். அப்பா எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. ஒரு மெக்கானிக்குக் கைத்தொழில் போலவே பெயரும் சோறு போடும். அதனால் இந்த முறை எதையும் ஊகமாகச் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். "கண்ணு, நோட்டு எடுத்துட்டு வா. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். அந்த நோட்டில் இருந்துதான் இனி எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கியர் பாக்ஸை இறக்குவது ஒரு நாள் வேலை. அதனால் வெளியில் இருந்தே முடிந்த அளவு கண்டுபிடிக்க வேண்டும்.

1. ஓட்டிப் பார்ப்பது. காலி ரோட்டில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்க வேண்டும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

2. நிறுத்திப் பார்ப்பது. முன்னால் யாரும் நிற்கக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆகாமல் ஓடினால் வழுக்குகிறது என்று அர்த்தம். இதை ஒரே ஒரு தடவைதான் செய்ய வேண்டும். மறுபடி மறுபடி செய்தால் நல்ல பிளேட்டும் சூடாகிக் கெட்டுவிடும்.

3. பெடல் ஆட்டம். பெடலைக் கையால் அமுக்கினால் முதலில் கொஞ்ச தூரம் லூசாகப் போக வேண்டும். கேபிள் கிளட்ச் வண்டிகளில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கேபிள் ரொம்ப டைட்டாக இருந்தால், நாம் கால் வைக்காமலே பெடலைக் கொஞ்சம் மிதித்த மாதிரி ஆகிவிடும். நல்ல பிளேட்டே வழுக்கும்! கேபிளைச் சரிசெய்தால் போதும் என்ற இடத்தில் கியர் பாக்ஸை இறக்கினால் வாடிக்கையாளர் காசு வீண்.

4. சத்தம். பெடலை மிதிக்கும்போது மட்டும் "கர்ர்" சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றுபோனால் பெரும்பாலும் கியர் பாக்ஸ் பேரிங்.

5. கியர் விழுவது. பெடலை முழுசாக மிதித்தும் ரிவர்ஸ் கியர் "கிறீச்" என்று விழுந்தால் அது வழுக்கல் இல்லை. கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. இது வேறு நோய், இதற்கு வேறு மருந்து.

6. ஆயில் கசிவு. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிவப்புக் காரில் முதல் இரண்டு சோதனையிலும் வழுக்கியது. பெடல் ஆட்டம் 18 மி.மீ. இருந்தது, அது சரி. கீழே ஆயில் இல்லை. இவ்வளவும் நோட்டில் எழுதிய பிறகுதான் அப்பா ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றும் முறை

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடும்போது பொறி பறக்கக்கூடாது அல்லவா? காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. இது எங்கள் பட்டறையின் முதல் சட்டம்.

இது முன்சக்கரம் இழுக்கும் கார். அதனால் கியர் ஆயிலை வடித்துவிட்டு, முன்சக்கரங்களையும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் எடுக்க வேண்டும். பிறகு கிளட்ச் கேபிள், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். கியர் பாக்ஸ் மவுண்ட்டையும் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் கழற்றி, ஜாக்கி மேல் தாங்கி நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கியர் பாக்ஸைத் தண்டில் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. எல்லாவற்றையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

தேய்ந்த பிளேட் சொல்லும் சாட்சி

பழைய பிளேட்டைத் தூக்கி எறியக்கூடாது, அதுதான் சாட்சி என்று அப்பா சொல்லுவார்.

லைனிங் ஆயிலில் நனைந்து கருப்பாக இருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் பிளேட்டை மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏதோ கோணலாக மாட்டியிருக்கிறது.

லைனிங் சமமாக மெலிந்து, ரிவெட் தலை மேலே வரப்போகிறது என்றால் ஆயுள் முடிந்தது. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 முதல் 0.5 மி.மீ. தான் மிச்சம் என்றால் மாற்ற வேண்டியதுதான். விட்டால் ரிவெட் ஃப்ளைவீலைக் கீறிவிடும்.

ஃப்ளைவீலில் நீல நிறத் திட்டும் மயிரிழை மாதிரி வெடிப்பும் இருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது.

சிவப்புக் காரில் என்ன இருந்தது? பிளேட்டில் ஆயில் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தது. பிளேட்டில் கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது, டூப்ளிகேட் இல்லை. ஆனால் ஃப்ளைவீல் முழுக்க நீலத் திட்டு. பல வருஷத்தில் தேய வேண்டியது இரண்டு மாதத்தில் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் குற்றவாளி யார்?

கணக்குப் போட்டுப் பார்த்தோம்

இந்த இடத்தில் எங்கள் அறிவியல் டீச்சர் உதவி செய்தார்கள். கிளட்ச் எவ்வளவு திருப்பு விசையைத் தாங்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

தாங்கும் திருப்பு விசை = உராயும் பக்கங்கள் × உராய்வுக் குணகம் × அமுக்கும் விசை × சராசரி ஆரம்

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பிளேட்டுக்கு இரண்டு பக்கம், ஆகவே 2. லைனிங்கின் உராய்வுக் குணகம் 0.3. பிரஷர் பிளேட்டின் விசை 3,500 நியூட்டன். இது 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏழு அடுக்கினது மாதிரி! லைனிங்கின் வெளி விட்டம் 200 மி.மீ., உள் விட்டம் 140 மி.மீ. என்றால் சராசரி ஆரம் 85 மி.மீ., அதாவது 0.085 மீட்டர்.

2 × 0.3 × 3,500 × 0.085 = 178.5 நியூட்டன் மீட்டர்.

டர்போ இல்லாத எஞ்சின் கொடுப்பது சுமார் 110 நியூட்டன் மீட்டர். 178 தாங்கும் கிளட்ச்சுக்கு 110 ரொம்ப சுலபம். ஆனால் டர்போ போட்ட இடத்தில் அந்த அண்ணாவுக்குக் கொடுத்த காகிதத்தில் 170 என்று இருந்தது. 178-க்கு 170 என்றால் விளிம்பில் நிற்கிற மாதிரி.

"அப்பவும் 178 பெருசுதானே, ஏன் வழுக்கணும்?" என்று நான் கேட்டேன். அதற்குக் காரணம் சூடு. மலை ஏறும்போது திரும்பத் திரும்ப ஹாஃப் கிளட்ச் பிடித்தால் லைனிங் சூடாகும். அதிகச் சூட்டில் உராய்வு குறையும். 0.3 என்பது 0.2 ஆகிவிட்டால்,

2 × 0.2 × 3,500 × 0.085 = 119 நியூட்டன் மீட்டர்.

இப்போதும் 110 கொடுக்கும் பழைய எஞ்சினைத் தாங்கும். 170-ஐத் தாங்காது. வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இன்னும் சூடானால் இன்னும் வழுக்கும். இப்படியே போய்க் கருகிவிடும். போதாததற்கு, சூடு பட்ட பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கும் பலம் இழந்துவிடும். முதல் தடவை அதை மாற்றாமல் விட்டோம் அல்லவா?

ஒரு ஆச்சரியம் கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் லைனிங்கின் பரப்பளவே வரவில்லை! பரப்பு பெரிதாக இருந்தால் சூடு பரவும், தேய்மானம் குறையும். ஆனால் பிடியைத் தருவது விசையும் உராய்வும் ஆரமும்தான்.

ஆக, பிளேட் மேலும் தப்பு இல்லை, மாட்டின கை மேலும் தப்பு இல்லை. எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டு, அதைத் தாங்குகிற கிளட்ச்சை மறந்ததுதான் தப்பு.

திரும்ப மாட்டும் முறை

ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து முகம் வெட்டி வாங்கினோம். வெடிப்பு ஆழமாக இருந்தால் வெட்டக்கூடாது, புதுசுதான் போட வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதுசு. கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே எஞ்சின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிட்டோம். சீலின் விலை கொஞ்சம்தான், அதற்காக மறுபடி இறக்கினால் கூலி அதிகம்.

கவனிக்க வேண்டியவை:

* பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். மாற்றிப் போடக்கூடாது.

* லைனிங்கை ஆயில் கையால் தொடக்கூடாது.

* ரிலீஸ் பேரிங்கைப் பெட்ரோலில் கழுவக்கூடாது. உள்ளே இருக்கிற கிரீஸ் போய்விடும்.

* பிளேட் சரியாக நடுவில் நிற்க வேண்டும். அதற்குச் சென்டரிங் டூல் இருக்கிறது. நடுவில் இல்லாவிட்டால் கியர் பாக்ஸ் தண்டு உள்ளே போகாது.

* போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

* முதல் 500 கி.மீ. வரை வேகமாகக் கிளப்பாமல் மெதுவாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் லைனிங் பதியும்.

தூசியை ஊதாதீர்கள்!

கியர் பாக்ஸை இறக்கியதும் உள்ளே கருப்புத் தூசி இருக்கும். நிறையப் பட்டறைகளில் வாயால் ஊதுவார்கள், காற்றுக் குழாய் வைத்தும் அடிப்பார்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள். அது நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கும். பார்த்தால் எந்தத் தூசி எது என்று தெரியாது. அதனால் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். இதை டீச்சரிடம் கேட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். "இருபது வருஷமா ஊதிக்கிட்டு இருக்கேனே கண்ணு" என்றார். அன்றில் இருந்து ஊதுவதில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார்கள் செய்தவர். 1995-இல் மறைந்தார். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த மாதிரி இடம் இருக்கிறது. ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டம் வேறு. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது.

கடைசியில் என்ன ஆனது?

அந்த அண்ணா வந்ததும் அப்பா கோபப்படவில்லை. பழைய பிளேட், முத்திரை, ஆயில் இல்லாத சீல், ஃப்ளைவீல் நீலத் திட்டு இருந்த ஃபோட்டோ, என் நோட்டு எல்லாவற்றையும் முன்னால் வைத்தார். கணக்கை நான்தான் சொன்னேன். குரல் நடுங்கியது.

அவருக்கு இரண்டு வழி இருந்தது. அதிக அமுக்கு விசை உள்ள பிரஷர் பிளேட் போடலாம். ஆனால் பெடல் கல் மாதிரி ஆகிவிடும், மற்ற பாகங்களுக்கும் பாரம் கூடும். இல்லாவிட்டால் டர்போவை எடுத்துவிட்டுப் பழையபடி ஓட்டலாம். அந்த அண்ணா கொஞ்ச நேரம் யோசித்து, "டர்போவைக் கழட்டிருங்கண்ணா" என்றார். அடுத்த வாரம் பணம் கொடுக்க வந்தபோது, அன்றைக்கு இருந்த அதே டீக்கடை ஆட்கள் முன்னாடி, "தப்பு என்னோடதுதானுங்க" என்றார். அப்பா சிரித்துவிட்டு அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

தோழர்களே, ஒரு பொருள் கெட்டுப்போனால் உடனே யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் பாருங்கள், அளந்து எழுதுங்கள், பிறகு சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் "உற்றுநோக்கல்" என்று படிக்கிறோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை.

சிந்தனைக்கு மூன்று கேள்விகள்

1. கிளட்ச் பெடல் மேல் எப்போதும் கால் வைத்து ஓட்டினால் ஏன் பிளேட் சீக்கிரம் தேயும்?

2. உராய்வுக் குணகம் 0.25 ஆனால் மேலே உள்ள கிளட்ச் எவ்வளவு தாங்கும்?

3. மிதித்தால் வரும் சத்தம், மிதித்தால் நிற்கும் சத்தம், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விடையைத் தாளில் எழுதி இதழ்ப் பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த இதழில் வரும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி